கடல் வழி வந்த குரல்

விழா மலருக்குக் கட்டுரை வரைய முற்படுவோர் தாம் பயின்ற வகுப்பறையையும், தம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருந்தகைகளையும், விளையாட்டுத் திடலிலே கண்ட வெற்றி தோல்விகளையும் நினைவு கூர்தல் மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகி, 1960ஆம் ஆண்டுகளிலே பிரித்தானியக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற சில கப்பல்களைப் பற்றியும், அவற்றிலிருந்து எழுந்த வானொலிக் குரல்களைப் பற்றியும் இங்கு எழுதத் துணிகின்றோம். கல்லூரி மலருக்கும் கடற்கொள்ளையர் வானொலிக்கும் இயைபு யாது என அன்பர்கள் வினவக்கூடும். இளையோர் விரும்பிக் கேட்பதை மூத்தோர் எவ்வாறு எதிர்கொள்ளல் வேண்டும் என்னும் வினா, பாடசாலை உள்ள இடமெல்லாம் எழுகின்ற வினாவாகும். அவ்வினாவுக்கு அக்கப்பல்களின் வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகின்றது என்பது எமது கருத்து. அக்காலத்தில் உயர்கல்வியின் பொருட்டு இலண்டன் மாநகரிலே தங்கியிருந்த எம்மனோர் சிலர் அக்குரல்களை நேரிற் கேட்டவர்கள். ஏனையோருக்கு இது புதிய செய்தியாதல் கூடுமாதலின், முதலில் வரலாற்றைச் சொல்லிப் பின்னர் எமது கருத்தைச் சொல்வோம்.

கடற்கொள்ளையர் வானொலி என்னும் பெயர் ஆங்கில நாட்டார் இட்டது. வானொலி அலைவரிசைகள் நாடுகளுக்கிடையே உடன்படிக்கையினாற் பங்கிடப்படுவன. உரிமமின்றி ஓர் அலைவரிசையைக் கையாள்பவன் பிறர் பொருளைக் கவர்ந்தவனாகக் கருதப்படுவான். ஆயின், அக்காலத்தில் பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட கடல் கரையிலிருந்து 3 கடல் மைல் அளவே பரந்திருந்தது. அவ்வெல்லைக்கு அப்பால், வேறொரு நாட்டின் கொடியைத் தாங்கி நிற்கும் கப்பலின் மீது பிரித்தானியச் சட்டம் செல்லாது. இச்சிறு இடைவெளியையே துணிந்தோர் சிலர் பயன்படுத்திக்கொண்டனர். கப்பலிலே ஒலிபரப்புக் கருவியையும் உயர்ந்த கம்பத்தையும் நாட்டி, எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டுக் கரையை நோக்கி இசைத்தட்டுகளை ஒலிபரப்பினர். விளம்பரங்களினால் வரும் பணமே அவர்களது வருவாயாயிற்று.

இத்தகைய கப்பல்களுக்கு அங்கு என்ன தேவை இருந்தது? அந்நாட்டிலே வானொலி ஒலிபரப்பு முழுவதும் பி. பி. சி. என்னும் ஒரே நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தது. தொலைக்காட்சியிலே 1955ஆம் ஆண்டிலேயே தனியார் நிலையங்கள் இடம்பெற்றுவிட்ட போதிலும், வானொலியில் அத்தனியுரிமை நீடித்தது. அந்நிறுவனம் தரத்திலும் நேர்மையிலும் உலகப் புகழ் பெற்றது என்பதை எவரும் மறுக்கார். எனினும், இளையோர் பெரிதும் நாடிய புதிய இசைக்கு அதன் நிகழ்ச்சிகளிலே கிடைத்த இடம் மிகச் சிறிது. இசைத்தட்டுகளை ஒலிபரப்புவதற்குரிய நேரம், இசைத்தட்டு நிறுவனங்களுடனும் இசைக்கலைஞர் தொழிற்சங்கத்துடனும் செய்யப்பட்ட உடன்பாட்டினால் நாளொன்றுக்குச் சில மணித்தியாலங்கள் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. தட்டுகள் இடையறாது சுழலுமாயின் வாத்தியக் கலைஞர் தொழிலிழப்பர் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் பதினாறு வயது நிரம்பிய ஒருவன் தான் விரும்பிய பாடலைக் கேட்பதற்கு, இரவிலே லக்சம்பேர்க் நாட்டிலிருந்து 208 மீற்றரில் ஏறியும் இறங்கியும் மங்கியும் வந்த ஒலியையே பெரிதும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையிலே, றோனன் ஓறாஹிலி என்னும் அயர்லாந்து இளைஞர் ஒருவர் டென்மார்க்கின் பழைய பயணிகள் கப்பலொன்றை வாங்கி, தம் தந்தையாருக்குரிய கிறீனோர் துறைமுகத்திலே அதனை ஒலிபரப்புக் கப்பலாக மாற்றியமைத்தார். 1916ஆம் ஆண்டு அயர்லாந்தின் உயிர்த்த ஞாயிறு எழுச்சியிலே வீழ்ந்த வீரர் ஒருவரின் பேரனாகிய இவருக்கு, அதிகாரத்தோடு மோதுதல் குலவழி வந்த குணம் போலும். கப்பலுக்கு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகளது பெயரைச் சூட்டினார். 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் நாள், இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் றேடியோ கரோலைன் ஒலிக்கத் தொடங்கியது. சில வாரங்களில் றேடியோ அத்லாந்தா என்னும் நிலையம் மி அமீகோ என்ற மற்றொரு கப்பலிலிருந்து ஒலித்தது. இரண்டும் விரைவிலே ஒன்றிணைய, முதற் கப்பல் அயர்லாந்துக் கடலிலுள்ள மான் தீவுக்கு அருகே சென்றது. மற்றது கிழக்குக் கரையிலேயே நின்றது. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்கக் கடற்படையின் பழைய கண்ணிவாரிக் கப்பலொன்றிலிருந்து றேடியோ இலண்டன் எழுந்தது. உலகப் போரின்போது தேம்ஸ் நதி முகத்திலே விமானங்களைச் சுட்டு வீழ்த்துவதற்கென அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட கடற்கோட்டைகளிலும் சிலர் ஏறியமர்ந்து நிலையங்களை நிறுவினர்.

அக்குரல்களை நாம் கேட்ட சூழலையும் ஒருவாறு சொல்லுதல் தகும். ஷில்லிங் நாணயம் இட்டாலன்றி எரியாத வாயு அடுப்பின் முன்னே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சட்ட நூலையோ கணக்கியல் நூலையோ மடிமீது விரித்திருந்த மாணவருக்கு, கையடக்கமான திரான்சிஸ்ரர் வானொலிப் பெட்டி ஒன்றே துணை. அதன் முள்ளை 266 மீற்றரில் நிறுத்தினால் றேடியோ இலண்டன் கேட்கும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் இசைத்தட்டின்மேல் ஊசி தாவுவதுண்டு. அறிவிப்பாளர் அதனை மறையாது நகைத்துக்கொண்டே அடுத்த தட்டைச் சுழலவிடுவார். அவ்விசை முழுவதும் எம் செவிக்கு இசைந்தது என்று சொல்லோம். பண்ணிசையும் நாதசுரமும் கேட்டு வளர்ந்த செவிக்கு அதிற் பெரும்பகுதி அந்நியமாகவே இருந்தது. எம்மை ஈர்த்தது அவர்கள் பேசிய முறை. பி. பி. சி. அறிவிப்பாளர் மேடைமீது நின்று சபைக்கு உரைப்பவர் போன்றிருந்தார். கப்பலிலிருந்த இளைஞனோ, பக்கத்து அறையிலிருக்கும் தோழன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து பேசுவதைப் போலப் பேசினான். தாய்நாட்டைவிட்டு வந்து, நாட்கணக்காக ஒருவரோடும் மனம்விட்டுப் பேசாதிருந்த மாணவனுக்கு அக்குரல் எத்துணை ஆறுதலாயிருந்தது என்பதை அனுபவித்தவரே அறிவர்.

பழைய நினைவு என்பது இனிப்பானவற்றை நிறுத்திக்கொண்டு கசப்பானவற்றைக் கழித்துவிடும் இயல்புடையது. ஆதலின், கப்பல் வானொலிகளைப் புகழ்வோர் மறந்துவிடும் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். அவை அறச்சாலைகள் அல்ல. இலாபம் கருதி நடத்தப்பட்ட வணிக நிலையங்களே. தாம் ஒலிபரப்பிய தட்டுகளை உருவாக்கிய நிறுவனங்களுக்கு உரிமைப்பணம் செலுத்தாமலே அவை பொருளீட்டின. தட்டு வெளியிடுவோரிடம் பணம் பெற்றுக்கொண்டு, அத்தட்டையே மீண்டும் மீண்டும் ஒலிபரப்பும் வழக்கமும் சிலவிடத்து நுழைந்தது. கப்பலிலே பணிபுரிந்தோரின் உயிருக்குப் போதிய காப்பும் இருக்கவில்லை. 1966ஆம் ஆண்டு சனவரியில் நங்கூரம் அறுந்த மி அமீகோ பிரின்ரன் கரையிலே தரைதட்டியபோது, உள்ளிருந்தோர் கயிற்றின் உதவியாற் கரைசேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு யூன் மாதத்திலே, சிவரிங் சாண்ட்ஸ் என்னும் கடற்கோட்டையில் இயங்கிய றேடியோ சிற்றியை ஒரு கூட்டத்தார் இரவோடிரவாகக் கைப்பற்றினர். அதனையொட்டி எழுந்த பூசலில், அந்நிலையத்தின் தலைவர் றெஜினால்ட் கல்வேட், போட்டியாளரான ஒலிவர் ஸ்மெட்லியின் இல்லத்திலே சுடப்பட்டு மாண்டார். தற்காப்பின் பொருட்டே சுட்டார் என்று ஸ்மெட்லி விடுவிக்கப்பட்டார். சட்டத்துக்கு வெளியே செய்யப்படும் தொழிலிலே, வழக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்ல இயலாதவர் வேறு வழிகளை நாடுவர் என்பதற்கு இது சான்று.

அரசினர் வாளாவிருக்கவில்லை. இத்தகைய நிலையங்களை ஒடுக்குவதற்கான ஐரோப்பிய உடன்படிக்கை 1965ஆம் ஆண்டு சனவரியில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரிலே கைச்சாத்திடப்பட்டது. பிரித்தானியப் பாராளுமன்றம் 1967ஆம் ஆண்டில் கடல்வழி ஒலிபரப்புக் குற்றச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டம் கப்பல்மீது படையை ஏவவில்லை. பிரித்தானியக் குடிகள் அந்நிலையங்களிலே பணிபுரிதலும், அவற்றிற்கு உணவும் எண்ணெயும் கொண்டு செல்லுதலும், விளம்பரம் கொடுத்தலும் குற்றம் என்று விதித்தது. ஓகஸ்ட் 14ஆம் நாள் பிற்பகல் 3 மணிக்கு றேடியோ இலண்டன் மௌனமாயிற்று. அதன் அறிவிப்பாளர்கள் அன்று மாலை புகைவண்டியிலே இலண்டன் லிவர்பூல் வீதி நிலையத்தை வந்தடைந்தபோது, அவர்களைக் காண இளைஞரும் யுவதியரும் திரண்டிருந்தனர். கரோலைன் மாத்திரம் சட்டத்தை மீறித் தொடர்ந்தது. அதுவும் 1968ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கடன் தீர்க்கப்படாமையால் இரு கப்பல்களும் இழுத்துச் செல்லப்பட, ஓய்ந்தது.

அரசு வென்றது என்று இக்கதையை முடிக்கலாம். ஆயின் முடிவு அவ்வாறில்லை. றேடியோ இலண்டன் மௌனமாகி 47 நாட்கள் கழிந்ததும், 1967ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் நாள், பி. பி. சி. நிறுவனம் றேடியோ 1 என்னும் புதிய சேவையை ஆரம்பித்தது. இளையோர் விரும்பிய இசையே அதன் பணி. அன்று காலை அதன் ஒலிவாங்கியின் முன் முதலில் அமர்ந்தவர் ரொனி பிளக்பேண். அவர் கரோலைனிலும் றேடியோ இலண்டனிலும் பணிபுரிந்தவர். கெனி எவரெற், ஜோன் பீல் முதலிய ஏனைய கடலோடிகளும் அவ்வாறே உள்ளே வரவேற்கப்பட்டனர். அவருள் ஜோன் பீல் 2004ஆம் ஆண்டிலே மறையும் வரை அந்நிறுவனத்திலேயே பணியாற்றி, அறியப்படாத இளங்கலைஞர் எத்தனையோ பேரை உலகுக்கு அறிமுகஞ் செய்தார். இயலாது, தேவையில்லை என்று பல்லாண்டு சொல்லப்பட்டது, கப்பல்கள் வந்து மூன்றரை ஆண்டுகளில் இயன்றது, தேவையானதாயும் ஆயிற்று.

இது பிரித்தானியாவுக்கு மாத்திரம் உரிய கதையுமன்று. டென்மார்க்கின் கரைக்கப்பால் 1958ஆம் ஆண்டில் றேடியோ மேர்க்கூர் தோன்றியது. 1962இல் அந்நாடு அதனை அடக்கியது. 1963ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் அரச வானொலியே இசைக்கெனத் தனிச் சேவையைத் தொடங்கியது. சுவீடனில் 1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் றேடியோ நோட் என்னும் கப்பல் நிலையம் எழுந்தது. இரு மாதங்களுக்குள் அரச வானொலி மெல்லிசைச் சேவையொன்றை ஆரம்பித்துவிட்டது. ஒல்லாந்திலே 1960ஆம் ஆண்டு வெறோனிக்கா என்னும் கப்பல் நிலையம் வந்தது. 1965இல் மூன்றாவது அரச சேவை அங்கே பிறந்தது. நான்கு நாடுகள், நான்கிலும் நிகழ்ச்சி ஒன்றே. முதலில் மறுத்தனர், பின்னர் ஒடுக்கினர், முன்னரோ பின்னரோ தாமே வழங்கினர். வழங்குவதையே முதலிற் செய்திருப்பின், ஒடுக்குவதற்குத் தேவை ஏற்பட்டிராது என்பது வெளிப்படை.

இதே நிகழ்ச்சி எமது பாக்குநீரிணைக்கு இருபுறத்தும் நடந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ளல் வேண்டும். அதில் எம் நாட்டுக்குரிய பங்கு பெருமைக்குரியது. 1952ஆம் ஆண்டிலே இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிலே திரையிசைக்கு இருந்த இடத்தைப் பெரிதும் சுருக்கினார். அவர் நோக்கம் தாழ்ந்ததன்று. சாஸ்திரீய சங்கீதம் அரச ஆதரவின்றி நலிந்துவிடும் என அஞ்சி, அதற்கு அரங்கமைத்துக் கொடுத்தவர் அவர். தேசிய சங்கீத நிகழ்ச்சி ஆரம்பமானதும் அவ்வாண்டிலேயே. ஆனால் திரைப்பாடலை இழந்த நேயர் அதற்கு ஈடாகக் கீர்த்தனையை ஏற்கவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினர். உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் தேவைக்கென ஏக்கலவில் நிறுவப்பட்ட வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950ஆம் ஆண்டிலே வர்த்தக சேவையும் தொடங்கப்பெற்றிருந்தது. பம்பாயிலே பதிவு செய்யப்பட்ட அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சி, கொழும்புக்கு அனுப்பப்பட்டு, கொழும்பிலிருந்து கடல் கடந்து மீண்டும் இந்திய இல்லங்களைச் சென்றடைந்தது. தமிழிலே எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் தமிழகத்துப் பட்டிதொட்டிகளிலெல்லாம் உறவினர் குரல்போல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இலங்கை வானொலி கடற்கொள்ளையர் நிலையமன்று. தன் மண்ணிலே, தன் அலைவரிசையிலே, தன் நாட்டுச் சட்டத்துக்கமைய அது ஒலித்தது. எனினும், மறுக்கப்பட்ட இசையைக் கடலுக்கு அப்பாலிருந்து வழங்கியது என்ற அளவில், வடகடற் கப்பல்கள் பன்னிரண்டாண்டுகள் கழித்துச் செய்ததை அது முன்னரே செய்தது. விளைவும் அதுவே ஆயிற்று. 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் நாள் அகில இந்திய வானொலி விவித பாரதி என்னும் சேவையைத் தொடங்கித் திரையிசையை மீண்டும் தன் முற்றத்துக்கு அழைத்துக்கொண்டது. இவ்விடத்து ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். சாஸ்திரீய சங்கீதத்தைக் காத்தது, திரையிசையை விலக்கிய செயலன்று. நல்ல வித்துவான்களுக்கு அரங்கமும் ஊதியமும் அளித்த செயலே. ஒன்றை வளர்ப்பதற்கு மற்றொன்றை அடைத்து வைக்க வேண்டியதில்லை. தேவாரப் பண்ணிசையும் கர்நாடக சங்கீதமும் பேணப்படும் இந்துக் கல்லூரியிலே பயின்ற நாம், இதனை ஒரு கணமும் மறத்தலாகாது. பண்ணிசையின்பால் எம்மை ஈர்த்தவர் அதனை இனிது பாடிக் காட்டிய ஆசிரியரேயன்றி, பிற பாடல்களைத் தடுத்தவர் அல்லர்.

இனி எமது கருத்தைச் சொல்வோம். அக்கப்பல்களின் குரலை நினைந்து நினைந்து உருகும் முதியோர் இன்று இங்கிலாந்திலும் உளர், எம்மிடையேயும் உளர். இலங்கை வானொலியின் பழைய வர்த்தக சேவையை நினைந்து உருகுவோரின் தொகையோ இன்னும் பெரிது. அவ்வுருக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால் அவ்வாறு உருகும் நண்பருட் பலர், தம் பேரப்பிள்ளைகள் காதிலே கருவியைச் செருகிக்கொண்டு கேட்கும் இசையை ‘இரைச்சல்’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவதைக் காண்கின்றோம். எதனைக் கேட்கின்றாய், ஏன் அது உனக்கு இனிக்கின்றது என்று ஒருநாளேனும் வினவியறியார். 1964ஆம் ஆண்டிலே தம் இசையை மூத்தோர் எச்சொல்லால் ஒதுக்கினரோ, அதே சொல்லைத் தாமும் எடுத்தாளுகின்றோம் என்பதை அவர் உணர்வதில்லை. அக்கால இசையைப் போற்றி, அதே வயதினர் இக்காலத்திற் கேட்பதைச் செவிகொடாது தள்ளுவோர், போற்றுவது இசையைத்தானா அல்லது கழிந்துபோன தம் இளமையைத்தானா என்று சிந்தித்தல் நன்று.

இளையோர் கேட்பவையெல்லாம் சிறந்தவை என நாம் வாதிடவில்லை. கப்பல்களிலே சுழன்ற தட்டுகளிலும் பெரும்பகுதி இன்று எவராலும் நினைக்கப்படுவதில்லை. சிறந்தது எது, சிறுமை எது என்று பகுத்துக் காட்டும் கடமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உண்டு. ஆயின் பகுத்துக் காட்டுபவர் முதலில் கேட்டிருத்தல் வேண்டும். கேளாதவன் தீர்ப்பை எவரும் மதிப்பதில்லை; இளையோர் சிறிதும் மதிப்பதில்லை. வள்ளுவப் பெருந்தகை கேள்வி என்றோர் அதிகாரத்தையே வகுத்து வைத்தார். கேட்டல் மாணாக்கனுக்கு மாத்திரம் உரிய கடமை என்று நாம் அதற்குப் பொருள் கொண்டுவிட்டோம். ஆசிரியரும் அதிபரும் அமைச்சரும் கேட்டற்குரியரே. கேட்கும் அதிகாரிக்குக் கண்டிக்கும் உரிமையும் தானே வந்து சேரும். கேட்க மறுத்தால், மறுக்கப்பட்டது கடல் வழியாகவேனும் வந்தே தீரும். அப்போது நெறிப்படுத்தும் வாய்ப்பு அவர் கையில் இராது. இன்று அதற்குக் கப்பலும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் எல்லைக்கப்பாற்பட்ட ஒலிபரப்பு நிலையங்கள் ஆயிரம் உள்ளன.

ஆதலின் இவ்விழா ஆண்டிலே கல்லூரிச் சமூகத்தின் முன் சிறியதொரு வேண்டுகோளை வைக்கின்றோம். புதிய மண்டபங்களும் நினைவுத் தூண்களும் எழுப்பப்படுதல் முறையே. அவற்றோடு, கல்லூரியின் ஒலிபெருக்கியை வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவரின் பொறுப்பிலே விட்டுவிடுமாறு அதிபர் அவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கின்றோம். எதனை ஒலிக்கச் செய்வது என்பதை மாணவர் குழுவொன்று தெரிவு செய்யட்டும். அறிவிப்பையும் அவர்களே பிழையற்ற, தெளிவான தமிழிலே செய்யட்டும். ஒவ்வொரு பாடலுக்கும் முன் அதனை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோரின் பெயரைச் சொல்லுதலையும், அப்பாடலைத் தாம் தெரிந்தெடுத்த காரணத்தை இரண்டொரு வாக்கியங்களிலே விளக்குதலையும் கட்டாயமாக்குதல் வேண்டும். ஆபாசமும் பிறரைப் புண்படுத்தும் சொல்லும் தவிர, வேறெதற்கும் தடை வேண்டியதில்லை. பழைய மாணவர் சங்கத்தார் மாதத்துக்கொரு முறையேனும் அங்கு வந்தமர்ந்து கேட்கட்டும். கேட்டபின் தாம் விரும்பியதொன்றை அவர்களுக்குக் கேட்பிக்கட்டும். மதுரை மணி ஐயரின் பாட்டையோ காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத்தையோ அவ்வாறு முதன்முறை கேட்டு வியக்கும் மாணவன் ஒருவனேனும் இருப்பான் என்பதில் எமக்கு ஐயமில்லை. கட்டளையினாற் கேட்பதிலும், கைம்மாறாகக் கேட்பது ஆழப் பதியும்.

மாணவத் தம்பியருக்கும் ஒரு சொல். கப்பல் வானொலிகளின் துணிவை மெச்சும் நீங்கள், அவை செய்த தவற்றையும் நோக்குதல் வேண்டும். பிறர் உழைப்பினால் விளைந்த இசையை விலைகொடாது எடுத்தாண்டமை அத்தவறு. இக்காலத்தில் பாடலொன்றை எவருக்கும் எதுவும் செலுத்தாது கவர்ந்துகொள்ளுதல் மிக எளிது. எளிதாயிருத்தல் பற்றி அது நேரியதாகிவிடாது. பாடலை இயற்றியவனுக்கும் வயிறு உண்டு. நியூசீலந்திலே 1966ஆம் ஆண்டு கப்பலொன்றிலிருந்து ஒலிக்கத் தொடங்கிய றேடியோ ஹவுறாக்கி, இடைவிடாது வாதாடி, 1970ஆம் ஆண்டில் சட்டப்படி உரிமம் பெற்றுக் கரையேறியது. வேண்டுவதைத் துணிந்து கேளுங்கள். மறுக்கப்பட்டால் மீண்டும் கேளுங்கள். ஆயின், உரிமம் பெற்றுக் கரையேறுவதையே குறிக்கோளாகக் கொள்ளுங்கள்.

கரோலைன் நிலையத்தின் பிற்கதை இதற்குப் பொருத்தமானதாகும். ஓய்ந்தது என்று எண்ணப்பட்ட அந்நிலையம் பின்னரும் பன்முறை எழுந்தது. மி அமீகோ 1980ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே புயலில் மூழ்கியது. 1983இல் வேறொரு கப்பலிலிருந்து அந்நிலையம் மீண்டும் ஒலித்தது. அக்கப்பலும் 1991ஆம் ஆண்டு நவம்பரில் குட்வின் மணற்றிட்டிலே தரைதட்டியது. இறுதியில் 2017ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஒலிபரப்பு ஒழுங்கமைப்பு நிறுவனம் கரோலைனுக்கு மத்திய அலையிலே 648 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையை உரிமத்துடன் வழங்கியது. அவ்வலைவரிசை முன்னர் பி. பி. சி. உலக சேவையின் பயன்பாட்டில் இருந்தது. எவருடைய தனியுரிமையை எதிர்த்துப் புறப்பட்டதோ, அவர் விட்டுச்சென்ற இடத்திலேயே சட்டம் அதனை அமர்த்திற்று. அதனை நிறுவிய றோனன் ஓறாஹிலி 2020ஆம் ஆண்டு ஏப்ரிலில் காலமாகும் முன் இதனைக் கண்டுவிட்டார்.

முதல் ஒலிபரப்புக்கும் அவ்வுரிமத்துக்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்தன. கப்பல்கள் மூழ்கின, வழக்குகள் நடந்தன, உயிர்களும் போயின. இத்தனையும் சில மணித்தியால இசையின் பொருட்டு என்று எண்ணும்போது வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. எமது கல்லூரியிலே ஒரு மாணவன் தான் விரும்புவதைச் சொல்ல வருவானாயின், அவனை அரை நாழிகை அமர்த்திக் கேட்பதற்கு அத்துணைக் காலமோ பொருளோ வேண்டியதில்லை. விழா மண்டபத்திலே இவ்வாண்டு மூத்தோர் பேசுவது மிகுதியாயிருக்கும். இளையோர் பேச மூத்தோர் கேட்கும் வேளையையும் நிகழ்ச்சி நிரலிலே சேர்த்துக்கொள்ளுமாறு விழாக் குழுவினரை அன்புடன் வேண்டுகின்றோம்.